ஊசி போடும் கையும் புட்டி நீட்டும் கையும்

மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பது நமக்குப் பழகிய காட்சி. வாதம், பித்தம், கபம் என்று விரலுக்கு ஒன்றாகச் சித்த வைத்தியர் சொல்லுவார். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவை ஒட்டிய ஃப்ரீமான்ட், சன்னிவேல் ஊர்களில் அதே இடத்தில் அதே மூன்று விரலை வைக்கிற இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் பார்ப்பது சீன நாடி. அதில் 28 வகை. நாக்கை நீட்டச் சொல்லி அதன் நிறத்தையும் மேலே படிந்திருப்பதையும் குறித்துக்கொள்கிறார்கள். இதுவரை பழைய கதை. நாடியிலிருந்து விரலை எடுத்த கையோடு மடிக்கணினியைத் திறந்து, நோயாளியின் மலம், உமிழ்நீர், ரத்தம், சிறுநீர் என நாலு விதப் பரிசோதனை அறிக்கைகளைப் பக்கம் பக்கமாகப் படிக்கத் தொடங்குகிறார்களே, அங்கேதான் புதிய கதை ஆரம்பிக்கிறது.

அக்குபங்சரும் ‘ஃபங்ஷனல் மெடிசினும்’ கலந்த இந்தத் தொழில் அமெரிக்காவில், குறிப்பாகக் கலிஃபோர்னியாவில், வேகமாகப் பரவியிருக்கிறது. இதற்குப் படிக்க வருகிறவர்களில் பலர் இருபது வயதுப் பிள்ளைகள் அல்லர். மென்பொருள் வேலையில் பத்து வருடம் ஓடிக் களைத்தவர்கள், செவிலியர்கள், யோகா ஆசிரியர்கள், சொந்த உடம்பில் ஒரு தீராத வலியோடு டாக்டர் டாக்டராக அலைந்து கடைசியில் ஊசியில் ஆறுதல் கண்டவர்கள். இரண்டாவது வாழ்க்கையைத் தேடி வருகிறவர்கள் என்பதால் அவர்களிடம் ஓர் அவசரமும் இருக்கிறது, உண்மையான பற்றும் இருக்கிறது.

அந்தப் பற்று இல்லாமல் அந்தப் படிப்பை முடிக்க முடியாது. கலிஃபோர்னியாவில் உரிமம் பெற 3,000 மணி நேரப் பயிற்சி வேண்டும். அதில் 2,050 மணி நேரம் வகுப்பறை, 950 மணி நேரம் நோயாளிகளோடு. அடிப்படை அறிவியலுக்கு 350 மணி, மூலிகைக்கு மட்டும் 450 மணி. உடம்பில் 361 புள்ளிகளை மனப்பாடமாகச் சொன்னால் போதாது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் தள்ளி, கணைக்கால் எலும்பின் வெளிப்பக்கம் என்று புத்தகம் சொல்லும். யாருடைய நான்கு விரல்? நோயாளியினுடையது. ஆளுக்கு ஆள் அளவு மாறும் என்பதை விரல்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஊசி மெல்லியது, பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் தடிமனுக்கு மேல் போகாது. ஆனால் கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவே இருக்கிற புள்ளியில் ஆழம் தவறினால் நுரையீரலின் உச்சியில் குத்தி, நெஞ்சுக்குள் காற்று புகுந்துவிடும். மாணவர்கள் அந்தப் புள்ளிக்கு வரும்போது ஆசிரியரின் கை அவர்கள் கை மேலேயே இருக்கும். ஒருமுறை போட்ட ஊசியை மறுமுறை எடுக்கக் கூடாது என்பதிலிருந்து, எந்தத் தசையைக் கிள்ளித் தூக்கிப் பிடித்துப் போட வேண்டும் என்பதுவரை எல்லாவற்றுக்கும் பயிற்சி, தேர்வு.

அந்த 3,000 மணியில் தொழில் நடத்துவது எப்படி என்பதற்கு ஒதுக்கப்பட்டது 45 மணி நேரம். இந்த எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊசி வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு ஜெர்மனியில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று தந்த விடை விசித்திரமானது. 2007-இல் வெளியான அந்த ஆய்வில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், முறையான புள்ளிகளில் ஊசி போட்டவர்களில் 47.6 விழுக்காட்டினருக்கு நல்ல பலன். புள்ளியே இல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தியவர்களில் 44.2 விழுக்காடு. மாத்திரை, உடற்பயிற்சி என்ற வழக்கமான சிகிச்சையில் 27.4 விழுக்காடு. புள்ளியா பொய்ப்புள்ளியா என்பது பெரிய வித்தியாசம் தரவில்லை. ஆனால் இரண்டு வகை ஊசியுமே வழக்கமான சிகிச்சையை வென்றன. எதிர்ப்பாளர்கள் முதல் பாதியைச் சொல்லுவார்கள், ஆதரவாளர்கள் இரண்டாம் பாதியைச் சொல்லுவார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று புலப்படுகிறது. ஒருவர் நிதானமாகப் பக்கத்தில் உட்கார்ந்து, உடம்பைத் தொட்டு, அரை மணி நேரம் படுக்க வைத்து, திரும்ப வந்து ‘இப்போது எப்படி இருக்கிறது’ என்று கேட்பதற்கே ஒரு மருத்துவ பலம் இருக்கிறது. அந்தப் பலத்துக்கு நம்பிக்கை என்று பெயர். இந்தத் தொழிலின் முதலீடே அதுதான்.

அந்த நம்பிக்கை ஊசி மேசையில் சம்பாதிக்கப்பட்டு வேறு எங்கே செலவாகிறது என்பதுதான் கவலை.

ஃபங்ஷனல் மெடிசின் 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவானது. நோய்க்குப் பெயர் வைப்பதோடு நிற்காமல், ஏன் வந்தது என்று வேர்வரை தோண்டுவது அதன் கொள்கை. பிறந்ததிலிருந்து இன்றுவரை நோயாளியின் வாழ்க்கையை ஒரு காலக்கோடாக எழுதுகிறார்கள். எந்த வயதில் காய்ச்சல், எப்போது வேலை மாற்றம், எந்தப் பிரசவத்துக்குப் பிறகு தூக்கம் போனது என்று எல்லாம் அதில் வரும். முதல் சந்திப்பே ஒன்றரை மணி நேரம் ஆகும். பெரிய மருத்துவமனையில் கால் மணி நேரத்தில் வெளியே அனுப்பப்பட்ட ஒரு பெண்மணிக்கு இந்த ஒன்றரை மணி நேரம் என்னவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அக்குபங்சர்காரருக்கும் இது இயல்பாகப் பொருந்துகிறது. உடம்பைத் தனித்தனி உறுப்பாகப் பார்க்காமல் முழுதாகப் பார்க்க வேண்டும் என்றுதான் அவரும் படித்திருக்கிறார்.

ஆனால் பயிற்சியின் அளவைப் பாருங்கள். ஊசிக்கு 3,000 மணி. இங்கே முதல் படி ஐந்து நாள் வகுப்பு. அதற்குமேல் போக விரும்புகிறவர்களுக்குக் குடல், ஹார்மோன், எதிர்ப்பாற்றல் என்று ஆறு பாடத் தொகுதிகளும் ஒரு தேர்வும் வைத்திருக்கும் அமைப்புகள் உண்டு. அவ்வளவு தூரம் போகாமலே, இணையத்தில் ஒரு சான்றிதழோடு பலகையில் பெயர் சேர்த்துக்கொள்ளவும் தடையில்லை. ‘ஃபங்ஷனல் மெடிசின்’ என்ற சொல்லுக்கு அரசு உரிமம் எதுவும் கிடையாது. ஊசிக்கு வாங்கிய உரிமத்தின் நிழலில்தான் அது நடக்கிறது.

அந்த நிழல் அகலமானது. கலிஃபோர்னியச் சட்டம் அக்குபங்சர் உரிமக்காரருக்கு ஊசி தவிர எதையெல்லாம் அனுமதிக்கிறது என்று ஒரு பட்டியல் உண்டு. மசாஜ், மூச்சுப் பயிற்சி, வெப்பம், குளிர், காந்தம், உணவுமுறை, மூலிகை, தாவர விலங்கு கனிமப் பொருட்கள் என்று நீண்டு, கடைசியில் உணவுச் சத்துச் சப்ளிமென்ட் என்று முடிகிறது. அந்தப் பட்டியலின் வாலில்தான் இன்றைய வருமானம் தொங்குகிறது.

வருமானத்தைப் பேசாமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது. படித்து முடிக்கும்போது லட்சம் டாலரை ஒட்டிய கடன் இருப்பது அரிதல்ல. ஊசி ஒன்றின் விலை சில சென்ட்; விலை இருப்பது நேரத்துக்கு. ஒரு நாளைக்கு ஒரு ஜோடிக் கை எத்தனை பேரைப் பார்க்க முடியும்? அரசுக் காப்பீடான மெடிகேர் 2020 ஜனவரியில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு 90 நாளில் 12 முறை ஊசி என்று ஏற்றுக்கொண்டபோது தொழிலே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் உரிமம் பெற்ற அக்குபங்சர்காரர் அந்தப் பணத்தை நேரடியாகக் கேட்டுப் பெற முடியாது. மருத்துவர் அல்லது அதற்குத் தகுதி பெற்ற வேறொருவரின் மேற்பார்வையில்தான் பில் போக வேண்டும். 2018-இல் நாடு முழுவதும் 38,000-ஐ ஒட்டியிருந்த உரிமக்காரர் எண்ணிக்கை 2023-இல் 35,000-க்குக் கீழே போய்விட்டது. பல ஆண்டு நடந்த பள்ளிகள் சில மூடப்பட்டுவிட்டன.

தொழில் நடத்துவதை 45 மணி நேரம் மட்டுமே படித்துவிட்டு இப்படி நெருக்கடியில் இருக்கும் ஒருவரிடம், ‘வாடகைக்கு எடுத்த அறையில் சப்ளிமென்ட் புட்டிகள் விற்க ஓர் அலமாரி வையுங்கள்’ என்று யாராவது சொன்னால் அவர் மறுப்பது கடினம். அலமாரிகூட இப்போது வேண்டாம். சிகிச்சையாளரின் பெயரில் ஓர் இணையக் கடை திறந்து கொடுக்க நிறுவனங்கள் இருக்கின்றன. நோயாளிக்கு ஒரு இணைப்பு அனுப்பினால் போதும். புட்டி வீட்டுக்குப் போய்விடும், மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் இடையில் உள்ள தொகை சிகிச்சையாளரின் கணக்குக்கு வந்துவிடும். ஊசிக்கு ஆள் நேரில் வர வேண்டும். புட்டிக்கு வர வேண்டியதில்லை; மாதா மாதம் தானாகவே போய்க்கொண்டிருக்கும்.

பரிசோதனை சொல்கிறவரும் அவரே, அறிக்கையைப் படித்துக் குறை கண்டுபிடிக்கிறவரும் அவரே, குறைக்கு மருந்து எழுதுகிறவரும் அவரே, விற்கிறவரும் அவரே. இந்த நாலு வேலையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு, ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை அளக்கும் உணவுப் பரிசோதனை நல்ல உதாரணம். ஒரு குப்பி ரத்தத்தில் நூற்றுக்கணக்கான உணவுகளைச் சோதித்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணம் போட்டு அறிக்கை வரும். ஒருவர் தினமும் பால் குடித்தால் பாலுக்கு எதிரான ஐஜிஜி அவர் ரத்தத்தில் இருக்கத்தான் செய்யும். உடம்பு அந்த உணவைச் சந்தித்திருக்கிறது, பெரும்பாலும் ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதற்கு அது அடையாளம். ஒவ்வாமைக்கு அடையாளம் அல்ல. அமெரிக்கா, கனடா, ஐரோப்பா மூன்றிலும் ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கங்கள் இந்தப் பரிசோதனை வேண்டாம் என்று எழுதியே விட்டன. ஆனாலும் அறிக்கை வருகிறது, நோயாளி பாலையும் முட்டையையும் கோதுமையையும் நிறுத்துகிறார், நிறுத்தியதால் வரும் சத்துக் குறைவுக்கு மூன்று புட்டி வருகிறது.

இன்னும் வேதனையானது பயோட்டின் கதை. முடி கொட்டுகிறதா, நகம் உடைகிறதா என்றால் உடனே நீட்டப்படும் பி வைட்டமின் அது. ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 30 மைக்ரோகிராம். கடையில் கிடைக்கும் மாத்திரையில் 5,000, 10,000 என்று இருக்கும். அந்த அளவு பயோட்டின் ரத்தத்தில் இருந்தால், பயோட்டினையே பிடிமானமாகக் கொண்டு செய்யப்படும் ஆய்வகப் பரிசோதனைகள் தடம் புரண்டுவிடும். தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். தாழ்ந்தும் தைராய்டு ஹார்மோன் உயர்ந்தும் பொய்யாகக் காட்டும். இல்லாத தைராய்டு நோய் இருப்பதாக அறிக்கை வரும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனினைக் குறைத்துக் காட்டும். இதனால் ஒரு மரணம் நேர்ந்ததைச் சொல்லி 2017-இல் அமெரிக்க அரசு எச்சரிக்கையே விட்டது. தைராய்டு அறிக்கையை வரி வரியாகப் படிப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு தொழிலில், விற்ற புட்டியே அறிக்கையைக் கெடுக்கிறது. ரத்தம் கொடுக்கும் முன் இரண்டு மூன்று நாள் அதை நிறுத்தச் சொல்ல எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறார்கள்?

மஞ்சள் விஷயம் நம் வீட்டுக்கே வருகிறது. ஈரோட்டு மஞ்சளைக் குழம்பில் ஒரு சிட்டிகை போடும் வழக்கத்துக்கு எந்தக் கெட்ட பெயரும் இல்லை. மஞ்சள் தூளில் அதன் முக்கியச் சத்தான குர்க்குமின் சுமார் 3 விழுக்காடுதான். அதிலும் பெரும்பகுதி ரத்தத்தில் சேராமலே வெளியேறிவிடும். 1998-இல் பெங்களூரு ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். 2 கிராம் குர்க்குமினோடு 20 மில்லிகிராம் மிளகுச் சத்தைச் சேர்த்தால், ரத்தத்தில் சேரும் அளவு 2,000 விழுக்காடு ஏறுகிறது. அந்த எண் புட்டிகளின் மேல் விளம்பரமானது. குர்க்குமினைப் பிரித்தெடுத்து, மிளகுச் சத்தும் கூட்டிய கேப்சூல்கள் மூட்டு வலிக்காரர் வீடுதோறும் போயின. அமெரிக்காவில் மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்புகளைப் பதிவு செய்யும் மருத்துவர் குழு 2022-இல் மஞ்சளால் கல்லீரல் கெட்ட 10 பேரைப் பற்றி எழுதியது. பத்தும் 2011 முதல் பதிவானவை. ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தார். பத்தில் ஏழு பேருக்கு ஒரே வகை மரபணுக் கூறு இருந்தது. யாருக்கு ஆபத்து என்பதைப் புட்டியைப் பார்த்தோ நாடியைப் பார்த்தோ சொல்ல முடியாது. கோடிக்கணக்கானோர் சாப்பிடும் பொருளில் பத்து என்பது சிறிய எண்தான். ஆனால் இதே பதிவேட்டில் கல்லீரல் பாதிப்புகளில் மூலிகை, சப்ளிமென்ட் வகையின் பங்கு பத்து ஆண்டுகளுக்குள் 7 விழுக்காட்டிலிருந்து 20-ஆக ஏறியது சிறிய எண் அல்ல.

1994-இல் வந்த ஒரு சட்டத்தின்படி, அமெரிக்காவில் சப்ளிமென்டைச் சந்தைக்குக் கொண்டுவரும் முன் அது பலன் தரும் என்று யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆபத்து தெரிந்த பிறகுதான் அரசு வரும். சீன மருந்தில் இருமலுக்குச் சிறு அளவில் கூட்டும் மாஹுவாங் என்ற செடியை உடல் இளைக்கும் மாத்திரையாக்கி விற்றார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் வந்த பிறகு, 2004-இல்தான் தடை.

பிரஸ்ஸல்ஸில் நடந்தது இன்னும் கொடுமை. 1990-களின் தொடக்கத்தில் உடல் இளைக்கும் சிகிச்சை ஒன்றில், ஒரு சீன மூலிகைக்குப் பதிலாகப் பெயர் ஒத்த இன்னொன்று சேர்ந்துவிட்டது. நூற்றுக்கு மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பலருக்குப் பிற்பாடு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் வந்தது. குற்றவாளி அரிஸ்டோலோக்கிக் அமிலம். நம் ஊர்க் காட்டில் ஆடு வாய் வைக்காது என்று பெயர் பெற்ற ஆடுதீண்டாப்பாளை அதே குடும்பத்துச் செடி. மூலிகைக்கு 450 மணி நேரம் படித்தவருக்கு இந்த ஆபத்து தெரியும். ஐந்து நாள் வகுப்பில் புட்டியின் பெயரைப் படித்தவருக்கு?

இதற்கு அந்தத் தரப்பு சொல்லும் பதிலையும் சொல்ல வேண்டும். கடையில் கிடைப்பதெல்லாம் கலப்படம், தரமானதை நாங்களே தருவதுதான் நோயாளிக்குப் பாதுகாப்பு என்கிறார்கள். முறைக்கே பலன் உண்டு என்பதற்கும் சான்று காட்டுகிறார்கள்: ஓஹாயோவில் ஒரு பெரிய மருத்துவமனையில் ஃபங்ஷனல் மெடிசின் நோயாளிகளின் நிலை ஆறு மாதத்தில் மற்றவர்களைவிட நன்றாகத் தேறியது என்று 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. பன்னிரண்டு மாதத்தில் அந்த வித்தியாசம் உறுதியாகத் தெரியவில்லை. ஆறு மாத முன்னேற்றம்கூட உணவு, தூக்கம், பேசிய நேரம் இவற்றால் வந்ததா, புட்டியால் வந்ததா என்று அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை.

எழுதுகிறவரும் விற்கிறவரும் ஒருவராக இருப்பது நமக்குப் பழக்கமான ஏற்பாடுதான். சிறு நகரத்து டாக்டர் வீட்டுத் திண்ணையில் கம்பவுண்டர் கலக்கித் தந்த சிவப்பு மிக்சரைக் குடித்து வளர்ந்தவர்கள் இங்கே ஏராளம். ஆனால் அந்த ஏற்பாட்டைப் பிரித்த நாடுகள் இருக்கின்றன. தென்கொரியாவில் டாக்டரே மாத்திரையும் விற்றுக்கொண்டிருந்தார். 2000 ஜூலையில் சட்டம் வந்தது: டாக்டர் சீட்டு எழுதட்டும், மருந்துக் கடைக்காரர் விற்கட்டும். வருமானம் போகிறது என்று டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், நாடே ஸ்தம்பித்தது. அரசு சட்டத்தைக் கைவிடவில்லை. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தச் சட்டம் பாரம்பரிய மருத்துவர்களைத் தொடவில்லை. ஊசியும் மூலிகையும் ஒரே கையில்தான் அங்கேயும் இருந்தன.

நோயாளிகள் பெருங்கூட்டமாக நம்பி வந்த நாள் ஒன்று இந்தத் தொழிலுக்கு இருந்தது. 1974-இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில், சீனாவிலிருந்து வந்து தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு பெண்மணியை, உரிமம் இல்லாமல் ஊசி போட்டதற்காகக் கைது செய்தார்கள். விசாரணை அன்று அவருடைய நோயாளிகள் நீதிமன்றத்தை நிறைத்துவிட்டார்கள். எங்களுக்கு இந்தச் சிகிச்சை வேண்டும், இது எங்கள் உரிமை என்றார்கள். அடுத்த சில ஆண்டுகளுக்குள் கலிஃபோர்னியா அக்குபங்சரைச் சட்டபூர்வமாக்கியது. வந்து குவிந்த கூட்டத்தைச் சமாளிக்க அந்தப் பெண்மணி ஐந்து புள்ளிகளை இரு பக்கமும் சேர்த்துப் பத்து ஊசியாக்கி ஆளுக்குப் பத்தாகப் போட்டுக்கொண்டே போனார். அந்தப் பத்து ஊசி முறை இன்றும் அவர் பெயரால் பாடமாக இருக்கிறது.

புட்டி விற்காமல் பிழைக்க வழியே இல்லை என்பதும் முழு உண்மையல்ல. ஓரிகனின் போர்ட்லேண்டில் 2002-இல் தொடங்கிய ஒரு முறை பல ஊர்களுக்குப் பரவியது. ஒரே கூடத்தில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். ஒரே நேரத்தில் பலருக்கு முழங்காலுக்குக் கீழும் முழங்கைக்குக் கீழும் ஊசி. அவரவர் வசதிக்கு ஏற்ற குறைந்த கட்டணம். தனி அறையும் மெல்லிய இசையும் கிடையாது. பஸ் ஓட்டுநரும் துப்புரவுப் பணியாளரும் வாரம் இருமுறை வர முடிகிறது. பெரும் பணக்காரர் ஆகும் வழி அல்ல இது. ஆனால் சம்பாதிப்பது முழுக்க ஊசியால்.

தமிழ்நாட்டிலும் இந்தக் கலவைக்கு அடி போட்டாகிவிட்டது. 2019-இல் மத்திய அரசு அக்குபங்சரைத் தனிச் சிகிச்சை முறையாக ஏற்றது. வார இறுதி வகுப்புகளில் ஊசியும் தொடு சிகிச்சையும் கற்றவர்கள் ஊர் ஊருக்கு இருக்கிறார்கள். மருந்தில்லா மருத்துவம் என்று சொல்லித்தான் அவர்களில் பலர் இந்தப் பக்கமே வந்தார்கள். அவர்களுடைய கைபேசியில் இப்போது ‘ஃபங்ஷனல்’ சான்றிதழ் விளம்பரங்கள் வருகின்றன. கூடவே சப்ளிமென்ட் விநியோகத்துக்கு அழைப்பும். மருந்தே வேண்டாம் என்ற வாய், மாதம் ஆறு புட்டி என்று சொல்ல நேர்வது எத்தனை தூரம்!

கலிஃபோர்னியாவில் பழைய தலைமுறைச் சிகிச்சையாளர்கள் சிலர் வேறு வழி வைத்திருக்கிறார்கள். சப்ளிமென்ட் உண்மையிலேயே வேண்டுமென்றால் ஒரு சீட்டில் எழுதித் தருகிறார்கள்: பொருளின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம், எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும். கீழே இன்னொரு வரி, இதோடு சேரக் கூடாத மருந்துகள். நோயாளி அதை எந்தக் கடையிலும் வாங்கலாம். ஆறாவது வாரம் வரும்போது அந்தச் சீட்டைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறார்கள், கல்லீரல் பரிசோதனை அறிக்கையோடு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, பிறகு மணிக்கட்டில் மூன்று விரலை வைக்கிறார்கள்.